ஹோகார்த் பதிப்பகத்தின் நூற்பட்டியல் எங்கிருந்து வந்தது?

ஒரு பதிப்பகம் தன் வாழ்நாளில் வெளியிட்ட நூல்களை ஆண்டுவாரியாக அடுக்கிக் காட்டும் ஆவணமே நூற்பட்டியல் எனப்படுகிறது. விற்பனைக் குறிப்பாகத் தொடங்கும் அது, காலம் செல்லச் செல்ல, பதிப்பாளரின் மனச்சாய்வுகளைக் காட்டும் சான்றாக மாறிவிடுகிறது. லண்டனைச் சார்ந்த ஹோகார்த் பதிப்பகம் 1917 முதல் 1946 வரை வெளியிட்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட நூல்களின் பட்டியல் இவ்வகையில் விளக்கம் கோருவதாக அமைந்துள்ளது. டி.எஸ். எலியட்டின் கவிதைகளும் காதரின் மான்ஸ்ஃபீல்டின் நீண்ட சிறுகதையும் இடம்பெற்ற அதே பட்டியலில், சிக்மண்ட் ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வுக் கட்டுரைகளும், கென்யாவில் நிகழ்ந்த நிலப்பறிப்பைக் கண்டிக்கும் ஆய்வும், ஜே.எம். கெய்ன்ஸின் பொருளியல் சிற்றேடுகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு வீட்டின் உணவறையில் தொடங்கிய சிறு முயற்சி இத்தனை துறைகளுக்கு எவ்வாறு பரவியது என்ற வினாவே இத்தேடலின் தொடக்கம்.

இவ்வினாவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை எளியது. பதிப்பகத்தை நிறுவிய இணையருள் விர்ஜினியா வுல்ஃப் நாவலாசிரியர் என்பதால் புனைவும் கவிதையும் அவர்வழி வந்தன என்றும், லியனார்ட் வுல்ஃப் அரசியல் எழுத்தாளர் என்பதால் அபுனைவு, அதாவது கற்பனையைச் சாராத கட்டுரை, ஆய்வு, வரலாறு முதலியன, அவர்வழி வந்தன என்றும் அது கூறுகிறது. கணவன் மனைவிக்குள் பாகப்பிரிவினை செய்து வைப்பதைப் போன்ற இவ்விடை, பதிப்பகத்தின் முதல் வெளியீட்டையே தாங்கி நிற்பதில்லை. 1917 ஜூலையில் வெளிவந்த அந்நூல் இரு கதைகளைக் கொண்டது. ஒன்று விர்ஜினியா எழுதியது, மற்றொன்று லியனார்ட் எழுதியது. சுவரில் தெரியும் ஒரு கறையை நோக்கியவாறு மனம் அலைந்து திரிவதைச் சொல்லும் விர்ஜினியாவின் படைப்பைக் கதை என்பதா, கட்டுரை என்பதா என்று துணிவதே கடினம். அவர் முதல் நாவலை வெளியிடுவதற்குப் பத்தாண்டுகள் முன்பிருந்தே இதழ்களில் நூல் மதிப்புரைகள் எழுதிவந்தவர். லியனார்டோ அரசியல் நூல்களுக்கு முன்பே நாவல் எழுதியவர். எனவே இரு வகை எழுத்தும் இருவரிடமும் இருந்தன என்பதைக் கொண்டே மேற்செல்ல வேண்டியுள்ளது.

அடுத்த தடம் அச்சு இயந்திரத்திடம் இட்டுச் செல்கிறது. ரிச்மண்ட் நகரின் பாரடைஸ் சாலையிலிருந்த ஹோகார்த் இல்லத்தில் குடியேறுவது, அச்சு இயந்திரம் ஒன்று வாங்குவது, புல்டாக் நாய் ஒன்று வளர்ப்பது என்ற மூன்று தீர்மானங்களை இணையர் 1915 ஜனவரி 25ஆம் நாள், விர்ஜினியாவின் பிறந்தநாளன்று, எடுத்தனர். அவ்வாண்டிலேயே விர்ஜினியாவின் மனநோய் கடுமையாக, இயந்திரம் வாங்குவது இரண்டாண்டுகள் தள்ளிப்போயிற்று. எழுத்து வேலையின் அழுத்தத்திலிருந்து அவருடைய மனத்தைக் கையால் செய்யும் ஒரு தொழில் சிறிது நேரமேனும் விலக்கி வைக்கும் என்று லியனார்ட் கருதினார். முறையாக அச்சுத்தொழில் பயில முயன்றபோது, தொழிற்சங்கம் ஏற்ற பயிலுநர்களுக்கே பள்ளியில் இடமுண்டு என்று தெரியவந்தது. 1917 மார்ச்சில் லண்டன் ஃபாரிங்டன் பகுதியிலிருந்த ஒரு கடையில், மேசைமேல் வைத்து இயக்கத்தக்க சிறு கைஅச்சு இயந்திரத்தையும் எழுத்துருக்களையும் 19 பவுண்டு 5 ஷில்லிங் 5 பென்சுக்கு வாங்கி, உடன் கிடைத்த பதினாறு பக்கக் கையேட்டைப் படித்தே இருவரும் தொழிலைக் கற்றனர். லியனார்டின் கைகளுக்குப் பிறவியிலேயே நடுக்கம் இருந்தமையால் அச்சுக்கோக்கும் வேலை, அதாவது ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரியாக அடுக்கும் வேலை, விர்ஜினியாவுக்கும், இயந்திரத்தை இயக்கும் வேலை லியனார்டுக்கும் அமைந்தன.

இந்த இயந்திரம் பட்டியலின் முதற்பகுதியை எவ்வளவு தூரம் தீர்மானித்தது என்பதைப் பலர் போதிய அளவு கவனிப்பதில்லை. கைவசமிருந்த எழுத்துகள் ஓரிரு பக்கங்களுக்கே போதும். அப்பக்கங்களை அடித்து முடித்ததும் எழுத்துகளைக் கலைத்து, அவற்றைப் பெட்டியின் உரிய அறைகளில் மீண்டும் இட்டு, அடுத்த பக்கங்களைக் கோக்க வேண்டும். இவ்வகையில் நீண்ட நாவல் எதையும் எண்ணிப் பார்க்கவே இயலாது. சிறுகதை, கவிதை, சிற்றேடு ஆகியவையே இயந்திரத்துக்கு ஏற்றவை. முதல் நூல் 150 பிரதிகள். ஓவியர் டோரா காரிங்டனின் மரச்செதுக்குப் படங்களுடன் அது வெளிவந்தது. 1918இல் மான்ஸ்ஃபீல்டின் 'பிரெலூட்' 68 பக்கங்களாக நீண்டபோது, அச்சிடுவதற்கு உள்ளூர் அச்சகக்காரர் ஒருவரின் பெரிய இயந்திரத்தை நாட வேண்டியதாயிற்று. சில பக்கங்களின் மேல்தலைப்பில் நூலின் பெயர் பிழையாகக் கோக்கப்பட்டு அப்படியே வெளிவந்ததும் உண்டு. அவ்வாண்டிலேயே ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' கையெழுத்துப்படி ஹோகார்த் இல்லத்துக்கு வந்தது. அவ்வளவு பெரிய நூலைத் தாமே அச்சிட இயலாததாலும், வெளி அச்சகத்தார் வழக்குக்கு அஞ்சி மறுத்ததாலும் அது திரும்பிச் சென்றது. இம்மறுப்பை விர்ஜினியாவின் சுவைக்குறைவுக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவோர் உண்டு. அவருக்கு அந்நூல்மீது ஒவ்வாமை இருந்தது உண்மையே ஆயினும், எழுத்துப் பெட்டியின் கொள்ளளவையும் கணக்கில் கொள்வதே நேர்மை.

ஆயினும் கைஅச்சு நூல்களின் சிற்றளவை மட்டுமே விளக்குகிறது, துறைகளின் பன்மையை விளக்கவில்லை. அதற்கான முதல் திறவு 1920இல் கிடைக்கிறது. ருஷ்யாவிலிருந்து வந்து லண்டனில் குடியேறியிருந்த எஸ்.எஸ். கோட்டெலியான்ஸ்கி, டால்ஸ்டாயைப் பற்றி மாக்சிம் கார்க்கி எழுதிய நினைவுக்குறிப்புகளைக் கொண்டுவர, லியனார்டும் அவரும் சேர்ந்து அதனை மொழிபெயர்த்தனர். வெளி அச்சகத்தில் அடிக்கப்பெற்ற அந்நூல் நன்கு விற்று மறுபதிப்பும் கண்டது. பொழுதுபோக்காக இருந்த முயற்சி வணிக நிறுவனமாக மாறத் தொடங்கியது அங்கேதான் என்று கொள்ளலாம். அதற்குச் சற்று முன்பே பதிப்பகம் இருவகை உறுப்பினரைச் சேர்த்திருந்தது: முன்பணம் கட்டி, வெளிவரும் எல்லா நூல்களையும் பெறுவோர் முதல்வகை, அறிவிப்பைக் கண்டு வேண்டியதை மட்டும் வாங்குவோர் இரண்டாம் வகை. எந்த நூல் வரும் என்று அறியாமலே முன்பணம் கட்டுபவர் நூலின் துறையை வாங்குவதில்லை, பதிப்பாளரின் தேர்வை வாங்குகிறார். கவிதைக்குப் பின் நினைவுக்குறிப்பும், அதற்குப் பின் கதையும் வரலாம் என்ற துணிவை அவர்களே பதிப்பகத்துக்கு அளித்தனர்.

1924ஆம் ஆண்டு பட்டியலின் திருப்புமுனை. பதிப்பகம் ரிச்மண்டை விட்டு லண்டன் டாவிஸ்டாக் சதுக்கத்தின் 52ஆம் எண் வீட்டுக்கு மாறியது. ஃபிராய்டை மொழிபெயர்த்த ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சியின் வழியாக உளப்பகுப்பாய்வு நூல்வரிசையின் வெளியீட்டுப் பொறுப்பும் அவ்வாண்டிலேயே வந்தது. உளப்பகுப்பாய்வு என்பது நனவிலி மனத்தில் அழுந்திக்கிடப்பனவற்றைப் பேச்சின் வழியாக வெளிக்கொணரும் மருத்துவ முறை. ஃபிராய்டின் கட்டுரைகள் பெரும் தொகுதிகளாக வரத் தொடங்கியபோது, இவ்வளவு சிறிய நிறுவனம் இச்சுமையைத் தாங்குமா என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆனால் இத்தேர்வு திடீரென வந்ததன்று. ஃபிராய்டின் அன்றாட வாழ்வின் உளநோயியல் பற்றிய நூலுக்கு லியனார்ட் 1914இலேயே மதிப்புரை எழுதியிருந்தார். பிற்காலத்தில், 1953 முதல் 1974 வரை, ஸ்ட்ரேச்சியின் பொதுப் பதிப்பாசிரியப் பொறுப்பில் 24 தொகுதிகளாக வந்த ஃபிராய்டின் முழுப் படைப்புகளின் ஆங்கிலப் பதிப்பும் ஹோகார்த் பெயரிலேயே வெளிவந்தது.

அதே 1924இல் நார்மன் லேஸ் எழுதிய 'கென்யா' வெளியாயிற்று. ஆப்பிரிக்காவில் மருத்துவராகப் பணியாற்றிய அவர், குடியேறிய வெள்ளையருக்காக மண்ணின் மக்களிடமிருந்து நிலம் பறிக்கப்பட்டதை அதில் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு, 1857 எழுச்சியை ஆங்கிலேயர் எழுதிய விதத்தைக் கேள்விக்குட்படுத்தும் எட்வர்ட் தாம்சனின் நூல். 1933இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குத் தன்னாட்சி கோரும் சி.எல்.ஆர். ஜேம்ஸின் சிற்றேடும், சாதியும் சனநாயகமும் பற்றிய கே.எம். பணிக்கரின் சிற்றேடும், 1940இல் பழைய டெல்லியின் வீழ்ச்சியைச் சொல்லும் அகமது அலியின் நாவலும் வந்தன. பேரரசின் தலைநகரில் அமர்ந்துகொண்டு பேரரசைக் குறை கூறும் இவ்வரிசைக்கு இயந்திரமும் காரணமில்லை, உறுப்பினர் திட்டமும் காரணமில்லை. இவ்விடத்தில் தேடல் இங்கிலாந்தை விட்டு வெளியேறி, யாழ்ப்பாணத்துக்குச் செல்கிறது.

லியனார்ட் வுல்ஃப் 1904 இறுதியில் இலங்கை ஆட்சிப்பணியில் சேர்ந்து, 1905 தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு அனுப்பப்பட்டார்; கச்சேரி என்பது இலங்கைத் தமிழ் வழக்கில் அரசாங்க அதிபரின் அலுவலகத்தைக் குறிக்கும். இங்கிலாந்திலிருந்து அவர் கொண்டுவந்த உடைமைகளில் வால்டேரின் படைப்புகள் தொண்ணூறு தொகுதிகளும் ஒரு நாயும் இருந்தன. அவர் தமிழ் கற்றார். 1906இல் மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துச் சலாபத்தில் பணியாற்றினார். சலாபம் என்பது முத்துக் குளிக்கும் பருவத்தையும், அப்போது வெறுங்கரையில் ஆயிரக்கணக்கானோருடன் முளைத்தெழும் தற்காலிக ஊரையும் சேர்த்துக் குறிக்கும் சொல். யாழ்ப்பாணத் தெருவொன்றில் குதிரைமேல் இருந்தபடி அவர் சவுக்கால் எதையோ சுட்டியபோது, அது வேண்டுமென்றே தம் முகத்தில் பட வீசப்பட்டதாக வழக்கறிஞர் ஒருவர் கருத, யாழ்ப்பாணத் தமிழர்களின் சங்கம் அரசிடம் முறையிட்டது. குற்றச்சாட்டு உண்மையன்று என்றே லியனார்ட் பல்லாண்டுகளுக்குப் பின் தன்வரலாற்றில் எழுதினார். ஆயினும், வேற்று மக்கள்மீது ஆட்சி செலுத்தும் தம் நிலையைக் குறித்த உறுத்தல் அந்நிகழ்ச்சியோடு தொடங்கியதையும் அவரே அங்கு ஒப்புக்கொள்கிறார். தம்மீது வந்த புகாரை இவ்வளவு நேர்மையுடன் நினைவுகூர்ந்த காலனிய அதிகாரிகள் மிகச் சிலரே.

1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது, விதிப்படி நாட்குறிப்பு எழுதுவது அவருடைய கடமைகளுள் ஒன்று: உப்பளம், மாட்டுநோய், சேனைப் பயிர் (காட்டை எரித்துச் செய்யும் சாகுபடி), நீதிமன்ற வழக்கு ஆகியன அதில் நாள்தோறும் பதிவாயின. அவ்வழக்குகளும் காட்டு ஊர்களின் வறுமையுமே, விடுப்பில் இங்கிலாந்து திரும்பி, பணியைத் துறந்து, 1912இல் விர்ஜினியாவை மணந்தபின் அவர் வெளியிட்ட 'காட்டில் ஒரு கிராமம்' என்று பொருள்தரும் தலைப்புடைய நாவலாயின. 1913இல் வேறொரு பதிப்பகம் வெளியிட்ட அந்நாவலை ஹோகார்த் பதிப்பகமும் பின்னர் மறுபதிப்பிட்டது. ஓர் அதிகாரியின் ஆவணமும் ஒரு நாவலும் ஒரே மூலப்பொருளிலிருந்து உருவானதை இங்கே காணலாம். பதிப்பகத்துக்கு முன்பே பட்டியலின் இயல்பு இம்மனிதரிடம் அமைந்துவிட்டது என்ற முடிவுக்கு வர இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

இம்முடிவை உறுதிசெய்யும் ஒரு சிறு நூல் பட்டியலிலேயே இருக்கிறது. 1921இல் காரிங்டனின் மரச்செதுக்கு அட்டையுடன் 300 பிரதிகளாக வெளிவந்த லியனார்டின் கீழைநாட்டுக் கதைகளில் மூன்று கதைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று முத்துச் சலாபத்தின் கொடுமையைச் சொல்வது. மற்றொன்று இரு பிராமணக் குடும்பங்களைப் பற்றியது; அதன் களம் யாழ்ப்பாணம். கடனீரேரியில் மீன்பிடிக்கும் ஆசையை அடக்க மாட்டாத ஒருவரும், கிணறு தோண்டக் கூலி கொடுக்க மனமின்றித் தாமே தோண்டி மண் சுமந்த மற்றொருவரும் சாதி வழக்கத்தை மீறியவராகின்றனர். பல தலைமுறைகள் கழித்து அக்குடும்பங்களிடையே சம்பந்தம் பேசப்படும்போது, சீதனப் பேச்சின் நடுவே அப்பழைய பழி மீண்டும் எழுகிறது. சமூகவியல் ஆய்வொன்றின் பொருளாகத் தகுந்ததை அங்கதக் கதையாக்கிய இப்படைப்பு, தமிழ் வாசகர் இந்நூற்பட்டியலுக்குள் நுழைய மிக அண்மையான வாயில். ஆங்கிலேய அதிகாரிகள் 'ஜாஃப்னா' என்று எழுதிவந்த ஊரை லியனார்ட் இக்கதையில் யாழ்ப்பாணம் என்னும் தமிழ்ப் பெயராலேயே குறிக்கிறார் என்பதும் சிறிய செய்தியன்று. எலியட்டையும் ஃபிராய்டையும் முன்னிறுத்தும் பதிப்பக வரலாறுகள் இந்நூலை ஓரிரு வரிகளில் கடந்து விடுவது அவற்றின் குறையே.

பதிப்பகத்தில் விர்ஜினியாவுக்கிருந்த பங்கை 1938இல் கவிஞர் ஜான் லேமன் வாங்கினார். 1941இல் விர்ஜினியா மறைந்தார். 1946இல் பதிப்பகம் சாட்டோ அண்ட் விண்டஸ் நிறுவனத்துடன் இணைந்தது. லியனார்ட் 1960இல், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், இலங்கைக்கு மீண்டும் சென்று வந்தார். அம்பாந்தோட்டையில் அவர் எழுதிய அலுவல் நாட்குறிப்புகள் முதலில் இலங்கையின் வரலாற்று ஆய்விதழ் ஒன்றில் அச்சேறி, பின்னர் 1963இல் ஹோகார்த் பதிப்பகத்தின் நூலாக வெளிவந்தன.