சன்ரூஃப் திறந்தா காது அடைக்குதா? முப்பந்தல் காற்றில் ஆச்சியோடு ஒரு பயணம்!

"மாப்ள, காதுக்குள்ள யாரோ உலக்கையப் போட்டு இடிக்க மாதிரி இருக்கு. வண்டிய நிறுத்துங்க!"

பின் சீட்டில் இருந்து ஆச்சி சத்தம் போட்டபோது, நாங்கள் பாளையங்கோட்டையைத் தாண்டி இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அத்தான் பதறிப்போய் ஓரம்கட்டினார். திரும்பிப் பார்த்தால், ஆச்சி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் அந்தச் சுருக்குப்பை. அதற்குள், மூன்று வாரத்துக்கு முன்னால் வாங்கிய காது மெஷின்.

"இது எனக்கு வேண்டாம் ட்டீ. கெட்டுப்போச்சு. உள்ளேயே கெடக்கட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பையின் கயிற்றை இழுத்து முடிந்துவிட்டார்.

எனக்குத் திக்கென்றது. இந்தப் பயணமே அந்த மெஷினை நம்பித்தான்.

ஆச்சியின் தங்கச்சி நாகர்கோவிலில் இருக்கிறார். எங்களுக்குச் சின்ன ஆச்சி. போன வருஷம் கீழே விழுந்ததில் இருந்து படுக்கைதான். குரலும் மெலிந்துவிட்டது. போனில் பேசினால் இவருக்குக் கேட்காது, அவரால் உரக்கப் பேச முடியாது. "என்னக்கா?" என்று அங்கேயும் "ஆங்?" என்று இங்கேயும் கேட்டுக்கேட்டு, கடைசியில் இரண்டு பேருமே போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். தினமும் பேசிக்கொண்டிருந்தவர்கள்! அதனால்தான் வீட்டில் எல்லோரும் சேர்ந்து காசு போட்டு மெஷின் வாங்கினோம். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அத்தானின் புதுக் காரில் கிளம்பினோம்.

காரில் சன்ரூஃப் உண்டு. அக்கா மகனுக்கு ஏழு வயசு. ஏறிய நிமிஷத்தில் இருந்து, "அப்பா, மேல தொற" என்பதுதான் பேச்சு. நான்கு வழிச் சாலைக்கு வந்ததும் அத்தான் பொத்தானை அழுத்தினார். ஆச்சி இருப்பதால் வேகம் அறுபதுக்கு மேல் போகவில்லை. முதலில் ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று ஆரம்பித்தது... தப் தப் தப் தப்! சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. காதுக்குள் யாரோ அமுக்கி அமுக்கி விடுவதுபோல ஓர் இடி. பையன் கை தட்டிச் சிரித்தான். அக்கா தலையைப் பிடித்துக்கொண்டாள். மெஷின் போட்டிருந்த ஆச்சிக்கு எப்படி இருந்திருக்கும்?

அத்தான் கண்ணாடியை மூடிவிட்டார். இடி நின்றது. ஆனால், சுருக்குப்பை திறக்கவில்லை.

பன்னீர் சோடாவில் இருந்த பதில்

வள்ளியூரில் டீக்கடை ஒன்றில் நிறுத்தினோம். அத்தானின் கல்லூரி நண்பர் ஒருவர் சென்னைப் பக்கம் கார் கம்பெனியில் வேலை பார்க்கிறார். கார்களின் சத்தத்தையும் அதிர்வையும் அளப்பதுதான் அவர் வேலையே. அத்தான் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "பக்கத்துல காலி பாட்டில் ஏதாவது இருக்கா?"

இருந்தது. பையன் குடித்து முடித்த பன்னீர் சோடா பாட்டில்.

"வாய் ஓரத்துல குறுக்கா ஊதச் சொல்லு."

ஊதினான். 'பூம்ம்ம்' என்றது பாட்டில்.

"அதேதான் உன் கார். சன்ரூஃப்தான் பாட்டிலோட வாய். கண்ணாடி எல்லாத்தையும் ஏத்தி மூடிட்டு மேல மட்டும் திறந்தா, உள்ள இருக்குற காத்து ஸ்பிரிங் மாதிரி அமுங்கி விரியும். மேல ஓடுற காத்து ஓட்டையோட முன் விளிம்பைத் தாண்டும்போது சுழல் சுழலா உருளும். அந்தச் சுழல் வந்து மோதுற கணக்கும் உள்ள இருக்குற காத்து ஆடுற கணக்கும் ஒண்ணாச் சேர்ந்துட்டா, இடிதான்."

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரில் பாடப்புத்தகத்தில் படித்த ஒத்ததிர்வு இதுதானாம். ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் ஆட்டம் ஏறிக்கொண்டே போகுமே, அதுபோல. பாட்டில் சின்னது, அதனால் அதன் குரல் நமக்கு நன்றாகக் கேட்கிறது. கார் பெரியது, அதனால் விநாடிக்கு ஏறக்குறைய 20 தடவைதான் ஆடும். மனிதக் காது கேட்கத் தொடங்குவதே அந்த 20-ல் இருந்துதான். அதனால்தான் அது சத்தமாகக் கேட்காமல் அழுத்தமாக அடிக்கிறது. காதுக்குக் கேட்பது குறைவு என்பதால் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அழுத்தத்தை அளந்து பார்த்தால் 100 டெசிபலைத் தாண்டிப் போவது உண்டு.

சன்ரூஃப் இல்லாதவர்கள், 'நமக்கு என்ன' என்று நகர்ந்துவிட வேண்டாம். ஓடுகிற காரில் பின் கண்ணாடி ஒன்றை மட்டும் முழுசாக இறக்கிப் பாருங்கள். அதே இடி உங்கள் காரிலும் வரும்.

"சரி, நிறுத்துறது எப்படி?" என்றேன் நான்.

"பாட்டில் அடியில ஓட்டை போடு. அப்புறம் ஊது."

டீக்கடை அண்ணாச்சியிடம் கத்தி வாங்கி, ஒரு காலி பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலை எடுத்தார் அத்தான். முதலில் அப்படியே ஊதினோம், 'பூம்ம்' வந்தது. அடிப்பக்கம் விரல் நுழைகிற அளவுக்கு வெட்டிவிட்டு ஊதினால் வெறும் 'உஸ்ஸ்'. பையன் முகம் வாடிப்போனது. எனக்கு மட்டும் சட்டென்று புரிந்தது. பின் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினால், அதுதான் காருக்கு அடியில் போடும் ஓட்டை!

போனை வைக்கும் முன் நண்பர் இன்னொன்றும் சொன்னார். "முன் விளிம்புல வலை மாதிரி ஒரு தடுப்பு இருக்கும். கண்ணாடி திறந்ததும் தானா எழும்பணும். முழுசா எழும்புதான்னு பாரு."

பார்த்தோம். ஒரு பக்கம் எழும்பியிருந்தது, இன்னொரு பக்கம் படுத்தே கிடந்தது. கார் நிற்பது வீட்டு வேப்பமரத்தடியில். காய்ந்த இலையும் காம்பும் பூவுமாக அந்த இடுக்கில் ஒரு குருவிக் கூடு கட்டலாம் போல அடைந்திருந்தது. மேலே ஓடும் காற்றைச் சிதறடித்து, அது பெரிய சுழலாக உருளாமல் தடுப்பதுதான் அந்த வலையின் வேலை. பாதி படுத்துக் கிடந்தால் என்ன செய்யும் பாவம்! பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றால் குப்பையை எடுத்து, ஈரத்துணியால் துடைத்தார் அத்தான். நான்கு மூலைகளிலும் மழைத்தண்ணீர் வடிவதற்குச் சின்னத் துளைகள் இருந்தன. அவற்றையும் பார்த்தோம். அவை அடைத்தால் அடுத்த மழையில் தண்ணீர் தலையில் சொட்டும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் குழாய் கழன்றுவிடும்.

காற்று வீட்டுக்குள்ளே

பணகுடி தாண்டி, காவல்கிணறில் நாகர்கோவில் சாலைக்குத் திரும்பினோம். இங்கிருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், இது சாலையே இல்லை, காற்றின் வீட்டு வாசல். மேற்குத் தொடர்ச்சி மலையில் இங்கே ஒரு கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அந்த வழியாக நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! முப்பந்தலைச் சுற்றிப் பார்க்கும் திசையெல்லாம் காற்றாலைகள். பக்கத்தில் நிற்கும் பழைய குட்டைக் காற்றாலைகள் அவசரமாகச் சுற்றுகின்றன. தள்ளி நிற்கும் புது நெட்டை காற்றாலைகளோ ஆற அமரக் கையை வீசுகின்றன. வாழைத் தோட்டங்களில் ஓர் இலைகூடக் கிழியாமல் இல்லை.

சோதனை போட இதைவிட நல்ல இடம் எது? ஆச்சி மெஷின் போடாமல் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று அத்தான் சன்ரூஃபைத் திறந்தார். வலை இப்போது முழுசாக எழும்பியது. காலையில் அறுபதில் வந்த இடி வராது என்று நினைத்தோம். நாற்பத்தைந்திலேயே வந்துவிட்டது!

கொஞ்ச நேரம் குழம்பிய பிறகுதான் காரணம் தெரிந்தது. நாங்கள் போவது மேற்கே, காற்று வருவது மேற்கில் இருந்து. மீட்டர் நாற்பத்தைந்து காட்டினாலும், எதிர்க்காற்றையும் சேர்த்தால் கூரைமேல் ஓடுவது அதைவிட எவ்வளவோ வேகம். இடிக்குக் கணக்கு மீட்டர் வேகம் அல்ல, கூரைக்குத் தெரியும் வேகம்தான்.

நான் என் பக்கத்துப் பின் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், சுவிட்சை அணைத்ததுபோல இடி நின்றது. ஏற்றினால் வந்தது. இறக்கினால் போனது. பையன் இதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு, "சித்தி, ஏத்து... சித்தி, இறக்கு" என்று உத்தரவு போட ஆரம்பித்துவிட்டான்.

இன்னும் இரண்டு வழிகளையும் பார்த்தோம். சன்ரூஃபை முழுசாகத் திறக்காமல் முக்கால்வாசியில் நிறுத்தினால், இடி பெருமளவு அடங்குகிறது. பல கார்களில் முதல் தடவை அழுத்தும்போது கண்ணாடி கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும், இரண்டாவது தடவை அழுத்தினால்தான் முழுசாகப் போகும். அது பழுது இல்லை. இந்த இடிக்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, கண்ணாடியின் பின்பக்கத்தை மட்டும் தூக்கிவைப்பது. நெடுஞ்சாலைக்கு இதுதான் நிம்மதி. உள்ளே இருக்கும் வெக்கை வெளியேறும், இடியும் இல்லை. ஆனால், வானம் தெரியாது என்று பையன் இதை நிராகரித்துவிட்டான்.

எண்பது, தொண்ணூறில் போனால் இடி போய்விடும், பதிலுக்கு 'ஹோ'வென்று பேரிரைச்சல் வரும். அதற்கு மருந்து ஒன்றுதான், மூடிவிடுங்கள். மூடிய பிறகும் விசில் அடித்தால், அது வேறு நோய். சுற்றியிருக்கும் ரப்பரில் தூசியோ விரிசலோ இருக்கும். துடைத்து, ரப்பருக்கான சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவிப் பாருங்கள், கேட்கவில்லை என்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எங்களை முந்திப் போன காரில் ஒரு சின்னப் பிள்ளை சன்ரூஃப் வழியாக இடுப்பு வரை வெளியே நின்றுகொண்டு போனது. வயிறு கலங்கிவிட்டது. ஒரு திடீர் பிரேக் போதும். எங்கள் வீட்டு வாண்டு பெல்ட்டுக்குள்ளேயே இருந்தபடி, "நானும்..." என்று ஆரம்பித்தான். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் முடியவே இல்லை.

முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் நிறுத்திக் கும்பிட்டோம். கீழே இறங்கினால் சேலை முந்தானை கொடியாகப் பறக்கிறது. பக்கத்தில் நின்று பேசினாலும் கேட்கவில்லை. அப்போதுதான் ஆச்சியின் கோபம் எனக்கு முழுசாகப் புரிந்தது. மெஷினில் இருக்கும் குட்டி மைக்கில் காற்று நேராக அடித்தால், அது பேச்சையும் காற்றையும் ஒன்றாகப் பெருக்கிக் காதில் கொட்டும். மெஷின் கெடவில்லை, காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தது. சில மெஷின்களில் காற்று இரைச்சலைக் குறைக்கும் அமைப்பு உண்டு. வாங்கிய இடத்தில் கேட்டால் சரிசெய்து தருவார்கள். எங்களுக்கு இது அன்றைக்குத்தான் தோன்றியது.

காருக்குள் ஏறி எல்லாக் கண்ணாடியையும் மூடினோம். ஏசியையும் குறைத்தார் அத்தான். நான் சுருக்குப்பையைக் கேட்டேன். ஆச்சி தரவில்லை. தோவாளை வந்து, பூ மார்க்கெட்டில் சின்ன ஆச்சிக்கு இரண்டு முழம் பிச்சிப்பூ வாங்கித் திரும்பும்வரை தரவில்லை. பூவை மடியில் வைத்துக்கொண்டபின், என்ன நினைத்தாரோ, அவராகவே முடிச்சை அவிழ்த்து நீட்டினார்.

போட்டுவிட்டேன்.

"இப்ப கேக்கா ஆச்சி?" என்றேன் மெதுவாக.

"நீ ஏன் ரகசியம் பேசுத?" என்றார்.

நாகர்கோவிலில் சின்ன ஆச்சியின் கட்டில் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டார். புழுக்கத்தில் நாங்கள் எல்லோரும் திண்ணைக்கு வந்துவிட்டோம். உள்ளே இருந்து முணுமுணுப்பும் நடுநடுவே ஒரு சிரிப்பும் வந்துகொண்டே இருந்தன. யாரைப் பற்றி அப்படிச் சிரித்தார்கள் என்று இன்றுவரை எங்களுக்குச் சொல்லவில்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது. ஆரல்வாய்மொழி தாண்டியதும், காற்றாலைகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் மினுங்க ஆரம்பித்தன. இப்போது காற்று எங்கள் முதுகுக்குப் பின்னால். பையன் தூங்கிவிட்டான். மேலே திறக்கச் சொல்ல ஆள் இல்லை.

ஆச்சி மெஷினைக் கழற்றிப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார். அப்புறம் கதவுப் பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்து, தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார்.

"மேல தொறங்க மாப்ள. லைட்டெல்லாம் பாக்கணும். நான் ரெண்டு விரக்கடை எறக்கிட்டேன்."