தம்புள்ளையிலிருந்து வந்த மீன் குஞ்சுகள்

மாங்குளத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அந்தச் சிறு குளம் மாரியில் நிறைந்து ஆவணியோடு வற்றிவிடும். அதற்குள் மீன் வளர்த்து விற்பதற்கென்று, கடந்த தை மாதம் மாதர் சங்கத்தார் தங்கள் சேமிப்பை எடுத்தார்கள். கட்லா, ரோகு போன்ற கெண்டையினங்கள் இத்தகைய குளங்களில் தாமாகப் பெருகுவதில்லை. ஒவ்வொரு முறையும் குஞ்சுகளைக் கொண்டுவந்தே விடவேண்டும். அதற்காக மூன்று பெண்களோடு நானும் 'நக்டா'வின் தம்புள்ளை நிலையத்துக்கு கன்டர் லொறியில் போனேன்.

அங்கே முதல்நாளே குஞ்சுகளுக்குத் தீனியை நிறுத்தியிருந்தார்கள். வயிறு வெறுமையாக இருந்தால் வழியில் தண்ணீர் அவ்வளவு பழுதாகாதாம். பொலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர், மீதியெல்லாம் ஒட்சிசன். "மீனுக்குத் தண்ணியைவிடக் காத்தா கூட வேணும்?" என்று ஓர் அம்மா சிரித்தார். பைகளை நிழலில் அடுக்கி, நனைத்த சாக்கால் மூடிக்கொண்டு விடியவே புறப்பட்டோம்.

மதவாச்சிக்கு அருகில் லொறியின் ரயர் காற்றுப் போய்விட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பைகளில் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் குழாய்த் தண்ணீர் வாங்கி, அந்த இரண்டு பைகளையும் அவிழ்த்துக் கொஞ்சம் ஊற்றினேன். படித்தவள் செய்கிறாள் என்று ஒருவரும் தடுக்கவில்லை. ஓமந்தை தாண்டுவதற்குள் இரண்டிலும் குஞ்சுகள் வயிறு மேலாக மிதந்தன.

குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரீன் மீனுக்கு நஞ்சு. அதற்கு மேலும் ஒன்று உண்டு. மூடிய பைக்குள் மீன் விடும் மூச்சுக்காற்றின் காபனீரொட்சைட்டு தண்ணீரை அமிலத்தன்மையாக்கும். அந்தத் தண்ணீரில் கழிவின் அமோனியா அவ்வளவு கெடுதல் செய்யாது. பையை அவிழ்த்தால் காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும், அமோனியா கொடிய நஞ்சாக மாறும். நான் இதையெல்லாம் பிறகுதான் கேட்டறிந்தேன்.

இரண்டு பைக்குரிய காசைக் கொடுக்க முன்வந்தேன். தலைவி வாங்கவில்லை. "அடுத்த முறையும் வாங்கோ மிஸ். பையில மட்டும் கை வைக்காதேங்கோ" என்றார்.

மற்றப் பைகள் தப்பின. கட்டோடு அவற்றைக் குளத்தில் 20 நிமிடம் மிதக்கவிட்டோம், உள்ளே இருந்த நீரின் சூடு குளத்து நீரோடு ஒத்துவரட்டும் என்று. பிறகு அவிழ்த்து, தாமதிக்காமல் குளத்து நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பையைச் சரித்துப் பிடித்தோம். குஞ்சுகள் தாமாகவே நீந்திப் போயின. அந்த அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி வெறும் பையை உதறி உதறிப் பார்த்தார், ஒன்றும் மிஞ்சவில்லையென்று தெரியும் வரைக்கும்.