இரு கைகளும் ஓர் இசைக்குழுவும்

1785ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள், வெள்ளிக்கிழமை. சால்ஸ்பர்க்கிலிருந்து அன்றுதான் வியன்னா வந்து சேர்ந்திருந்த முதியவர் லியோபோல்ட், மாலையில் தம் மைந்தன் மொசார்ட்டின் இசை நிகழ்ச்சியைக் கேட்க மெல்குரூபே அரங்கிற்குச் சென்றார். அன்று அரங்கேறவிருந்த டி மைனர் கான்சர்ட்டோவின் தாள்களை எழுத்தர் அப்பொழுதும் படியெடுத்துக்கொண்டிருந்தார். அப்பணியை மேற்பார்வையிட வேண்டியிருந்தமையால், இறுதிப் பகுதியை ஒரு முறை வாசித்துப் பார்க்கவும் மைந்தனுக்கு நேரம் கிட்டவில்லை என்று, சில நாள் கழித்து மகளுக்கு எழுதிய மடலில் அவர் குறிப்பிட்டார்.

பியானோ வாசிப்பவர் ஒருவரும் ஓர் இசைக்குழுவும் ஒருவரோடொருவர் உரையாடுவது போல் அமைந்த படைப்பே கான்சர்ட்டோ. அந்நாளில் கோலேந்தி நின்று வழிகாட்டும் நடத்துநர் அதற்கு இலர். (பேருந்தை நினைவூட்டும் இச்சொல்லினும் சிறந்ததொன்று தமிழுக்கு இன்னும் வாய்க்கவில்லை.) பியானோவில் அமர்ந்தவரும் முதல் வயலின் கலைஞருமே குழுவை நடத்தினர். மொசார்ட்டின் பியானோ 61 கட்டைகளே கொண்ட மெல்லொலிக் கருவி, குழுவும் சிறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குழுவும் பெருத்தது, பியானோவும் பெருத்தது, நடத்துநருக்குத் தனி மேடை வந்தது. பழைய முறை ஏறத்தாழ மறைந்தேபோயிற்று.

அதனை ஒலிப்பதிவில் மீட்டவர்களுள் எட்வின் ஃபிஷர் முதன்மையானவர். 1930களில் அவர் பாக், மொசார்ட் ஆகியோரின் கான்சர்ட்டோக்களைத் தாமே வாசித்துத் தாமே நடத்தி இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். இவ்வாறு நடத்துவோர் பெரும்பாலும் பியானோவின் மேல்மூடியைக் கழற்றிவிட்டுக் கருவியைக் குழுவின் நடுவே செருகினாற்போல் நிறுத்துவர். முதுகு அவையோரை நோக்கும், முகம் குழுவினரை நோக்கும்.

டி மைனர் கான்சர்ட்டோவின் தொடக்கத்தில் இரண்டு நிமிடங்களுக்கு மேல் குழு மட்டுமே வாசிக்கிறது. ஆழ்ந்த நரம்புக்கருவிகள் கீழிருந்து உறும, வயலின்கள் தாள அடியின்மீது விழாமல் அதற்குச் சற்றே விலகி விலகி ஒலிக்கின்றன. அப்பொழுது பியானோ கலைஞரின் கைகள் ஓய்ந்திருப்பதால் அவரால் கையசைத்து நடத்த இயலும். பின்னர்ப் பியானோ தனித்து நுழைகிறது; அதுகாறும் குழு வாசிக்காத புதியதோர் மெட்டோடு நுழைகிறது. அதுவும் எளிதே. இடர்ப்பாடு அதற்கு அப்பால் இருக்கிறது. இரண்டாம் பகுதியின் நடுவில் அமைதி திடீரெனக் கலைய, பியானோவின் இரு கைகளும் கட்டைகளின்மேல் ஒன்றையொன்று தாண்டி விரைகின்றன. துளைக்கருவிகள் நீண்ட சுரங்களால் அவ்வோட்டத்தைத் தாங்குகின்றன. அவ்வேளை கையசைக்க எவருக்குக் கையுண்டு? வீணைக் கலைஞர்க்கேனும் தாளத் தந்திகளைத் தட்டச் சுண்டுவிரல் எஞ்சும். பியானோ கலைஞர்க்கு அதுவும் எஞ்சுவதில்லை. தலையசைப்பும் மூச்சும் மட்டுமே மிஞ்சுகின்றன. குழுவினர் ஒருவரை ஒருவர் செவிமடுத்தால்தான் இசை குலையாது.

இசைத்தட்டில் அத்தலையசைப்பு தெரியாது. 1940களின் இறுதியில் காந்த ஒலிநாடா பரவியபின், நாடாவை வெட்டி ஒட்டவும் முடிந்தது. எனவே, 'கட்டைகளிலிருந்து நடத்தியவர்' என்று உறையில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பலாமா என்று ஐயுறுவோரைக் குறை கூறுவதற்கில்லை. கேசா ஆண்டா 1960களில் சால்ஸ்பர்க் குழுவோடும், டேனியல் பாரன்பாய்ம் 1967 முதல் ஆங்கில அறைக்குழுவோடும் செய்த பதிவுகள் புகழ் பெற்றவை. மிட்சுகோ உச்சிடா 1980களில் ஜெஃப்ரி டேட் நடத்த வாசித்தார். பின்னாளில் கிளீவ்லாந்து இசைக்குழுவைத் தாமே நடத்தி, டி மைனரை 2010இல் அவையோர் முன்னிலையில் பதிவு செய்தார். பொதுவில், தாமே நடத்துவோரின் பதிவுகளில் குழுவின் நுழைவு கோலின்கீழ் போல் எப்போதும் கூர்மையாக அமைவதில்லை. அதைக் குறை என்று எழுதும் திறனாய்வாளர், துளைக்கருவிகள் பியானோவின் சொல்லுக்கு உடனுக்குடன் விடை கூறும் அழகைத் தம் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெட்டி ஒட்ட இயலாத காலத்துப் பதிவு ஒன்று உண்டு. 1937ஆம் ஆண்டு, அறுபதை எட்டிய புரூனோ வால்ட்டர், இதே டி மைனர் கான்சர்ட்டோவை அது பிறந்த வியன்னாவிலேயே, வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவோடு தாமே பியானோ வாசித்துப் பதிவு செய்தார். அவர் உலகறிந்த நடத்துநர். கோல் அவர்க்கு உடன்பிறந்தது போன்றது. அதனை வைத்துவிட்டுக் குழுவின் நடுவே அமர்ந்தார். தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் கொள்ளும். பிழை நேர்ந்தால் அப்பக்கம் முழுவதையும் மீண்டும் வாசித்தாக வேண்டும். கைகள் இரண்டும் கட்டைகளில் இருந்த அந்த நொடிகளில், குழுவினர் தாமே தம்மை நடத்திக்கொண்டனர்.

1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. யூதராகப் பிறந்த வால்ட்டர் அப்பொழுது ஆம்ஸ்டர்டாமில் இருந்தார். வியன்னாவில் அவர்க்கிருந்த பதவி பறிபோயிற்று. 1939இல் அவர் அமெரிக்கா சென்றார். குழுவிலிருந்த யூதக் கலைஞர்கள் நீக்கப்பட்டனர். 1881 முதல் அக்குழுவின் முதல் வயலினாக விளங்கிய ஆர்னால்ட் ரோசே லண்டனில் அடைக்கலம் புகுந்து 1946இல் அங்கேயே மறைந்தார். அக்குழுவில் நெடுங்காலம் ஓபோ வாசித்த ஆர்மின் டைரோலர் 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டார்.

அப்பழைய தட்டுகள் பிற்காலத்தில் குறுந்தட்டாகவும் வெளிவந்துள்ளன. கரகரப்பின் ஊடே, இரண்டாம் பகுதியின் நடுவில், பியானோ விரைகிறது; துளைக்கருவிகள் அதைத் தாங்கிக்கொண்டே உடன் வருகின்றன.