மானாமதுரையில் ஒரு மண்சட்டி வாங்கலாம், வாருங்கள்!

மதுரைக்குப் போகிறவர்கள் மீனாட்சியம்மனைத் தரிசித்துவிட்டு, சுங்குடிச் சேலையும் மல்லிகைப்பூவுமாக ஊர் திரும்பிவிடுவது வழக்கம். அடுத்த முறை போகும்போது பயணத்தில் ஒரே ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். சமையலறைக்கு வேண்டிய நல்ல மண்பாண்டம் அங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் கிடைக்கிறது.

ராமேசுவரம் போகும் சாலையில், வைகைக் கரையில் இருக்கிறது மானாமதுரை. மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் உண்டு; ராமேசுவரம் ரயிலிலும் போகலாம். வழியில் சிலைமானைத் தாண்டியதும் கீழடி. 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தைக் குழந்தைகளுக்கு அவசியம் காட்டுங்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால் நம் பாட்டிமார் புழங்கிய பானை ஓடுகள், அவற்றில் கீறிய தமிழி எழுத்துகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. அதைப் பார்த்த கண்ணோடு மானாமதுரைக்குப் போனால், குயவர் கையில் சுழலும் மண்ணுக்கு மதிப்பு தானாகவே கூடிவிடும்.

இந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கச்சேரி மேடையில் ஒலிக்கும் கடத்துக்கும் பேர்போன ஊர் இதுதான். சக்கரத்தில் வனைந்த பானையை உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சீராக்குகிறார்கள். சூளையிலிருந்து வெளியே வந்த பிறகுதான் சுருதி சேர்ந்ததா என்பது தெரியும். கடம் செய்யும் இவ்வூர்ப் பெண்மணி ஒருவர் சங்கீத நாடக அகாடமி விருதே பெற்றிருக்கிறார் என்றால் நமக்கும் பெருமைதானே!

சரி, சட்டிக்கு வருவோம். 'தட்டிப் பாத்து எடுங்கம்மா' என்று கடைக்காரரே சொல்வார். விரலை மடக்கித் தட்டினால் 'டங்' என்று கணீரென ஒலிக்க வேண்டும். சத்தம் அமுங்கினால் கீறலோ, வேக்காட்டுக் குறையோ இருக்கலாம். வெளிச்சத்தில் தூக்கி உட்புறத்தைப் பாருங்கள். முடிந்தால் தண்ணீர் ஊற்றி, ஒழுகுகிறதா என்று கவனியுங்கள்.

பளபளவென்று பெயின்ட் அடித்ததும், கண்ணாடி போல் மெருகேற்றியதும் அலங்காரத்துக்கு இருக்கட்டும். சில மெருகுப் பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கும். அது குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். தண்ணீர்ப் பானைக்கும் பூச்சு ஆகாது. பானையின் நுண்துளை வழியே நீர் கசிந்து ஆவியாகும்போதுதான் உள்ளே குளிர்கிறது. துளையை அடைத்துவிட்டால் குளிர்ச்சி எங்கிருந்து வரும்?

வாங்கி வந்ததும் உடனே அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். பிறகு இரண்டு மூன்று நாள் அரிசி கழுவிய நீரையோ கஞ்சியையோ ஊற்றி, சிறு தீயில் கொதிக்கவிட்டு ஆறவிடுங்கள். மண்வாசனை போகும், சட்டியும் பழகிவிடும். சோப்பு வேண்டவே வேண்டாம். மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் நாரும் கொஞ்சம் கடலை மாவும் போதும். சூடான சட்டியை ஈரத் தரையில் வைத்தால் விரிசல் விடும். புரிமணை ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்புக்கு இது சரிப்படாது. கேஸ் அடுப்பில் தீயைக் குறைத்து வையுங்கள். மீன்குழம்பானாலும் வத்தக்குழம்பானாலும், புளிக்கு மண் ஒன்றும் ஆகாது. இறக்கிய பிறகும் நெடுநேரம் சூடு தாங்கும்.

தண்ணீர்ப் பானையைத் தினமும் கழுவி, மூடி வையுங்கள். கையை விட்டு மொள்ளாமல் காம்பு நீண்ட கரண்டியால் எடுங்கள். மண்பானை நீரைக் குளிர வைக்குமே தவிர, கிருமியைக் கொல்லாது. ஆகவே கைக்குழந்தைக்குக் கொடுக்கும் நீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

இனி விலை விஷயம். பேரம் பேசாவிட்டால் நமக்குத் தூக்கம் வராது! ஆனாலும் ஒரு நிமிஷம் யோசியுங்கள். கண்மாய் மண்ணைக் கொண்டுவந்து, உலர்த்தி, சலித்து, காலால் மிதித்து, வனைந்து, காயவைத்துச் சுட்டால்தான் ஒரு சட்டி. சூளையில் உடைந்தால் நஷ்டம் அவர்களுக்கே. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பானையும் காயாது, சூளையும் எரியாது. ஆனால் வீட்டு அடுப்பு எரிந்தாக வேண்டுமே! பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போவதில் வியப்பென்ன? பெரிய கடையில் ஒட்டியிருக்கும் விலையை வாய் திறக்காமல் கொடுக்கும் நாம், இவர்களிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்பது நியாயமா, சொல்லுங்கள்.

நேரமிருந்தால் மதுரை திரும்பியதும் திருப்பரங்குன்றம் பக்கத்தில் விளாச்சேரிக்கும் ஒரு நடை போய்வரலாம். கொலு பொம்மைகள் செய்கிற ஊர் அது. நவராத்திரி நெருக்கத்தில் போகாமல் முன்னதாகப் போனால் நிதானமாகப் பார்த்து எடுக்கலாம்.

வாங்கியதை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, நடுவே வைக்கோலோ பழைய துணியோ திணித்துக் கட்டச் சொல்லுங்கள். பஸ்ஸில் மேலே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பத்திரமாக வீடு வந்து சேரும்!