எங்க வீட்டுக் குலுக்கை

தலைப்பைப் பார்த்துவிட்டு, 'இவன் என்னமோ விவசாயக் கட்டுரை எழுதியிருக்கான்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது கம்ப்யூட்டர் கட்டுரைதான். ஓட்டப்பிடாரத்தில் எங்கள் வீட்டு நடுவறையில், ஒரு மரத்தட்டின் மேல் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருக்கும் பைல் சர்வருக்கு நான் வைத்த பெயர் குலுக்கை. சர்வர் என்றதும் தோசை கொண்டுவருபவர் ஞாபகத்துக்கு வருகிற முதலாமாண்டுத் தம்பிகளுக்காக ஒரு வரி: வீட்டில் உள்ள எல்லா போனும் லேப்டாப்பும் தங்கள் பைலைக் கொண்டுவந்து போடவும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளவும் உள்ள பொது இடம் அது. அவ்வளவுதான்.

கரிசல்காட்டுப் பிள்ளைகளுக்குக் குலுக்கையை விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். மண்ணையும் வைக்கோலையும் பிசைந்து ஆள் உயரத்துக்கு எழுப்பிய தானியக் குதிர் அது. மேலே கொட்டுவதற்கு வாய், கீழே எடுப்பதற்கு ஒரு ஓட்டை. ஓட்டையைத் துணி வைத்து அடைத்திருப்பார்கள். எங்கள் தாத்தா வீட்டில் இரண்டு இருந்தன. ஆனால் விதைக் கம்பை மட்டும் தாத்தா அதில் போடமாட்டார். சாம்பலைக் கலந்து தனிப் பானையில் வைத்து வாயைக் கட்டிவிடுவார். அதிலும் ஒரு பங்கு பக்கத்து ஊரில் மச்சினன் வீட்டுக்குப் போய்விடும். மானாவாரி பூமியல்லவா! முதல் மழையை நம்பி விதைத்தது முளைத்துக் கருகிப்போனால் மறுபடியும் விதைத்தாக வேண்டும். "திங்கிற குலுக்கையும் விதைக்கிற பானையும் ஒண்ணா இருக்கப்படாது, எய்யா" என்பார். பேக்கப் என்றால் என்ன என்று எங்களுக்கு லேபில் சொல்லிக்கொடுத்ததைவிட இது தெளிவு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டு நின்றது. தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்தது. ஓட்டப்பிடாரத்திலும் மழைதான், ஆனால் எங்கள் தெருவில் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஏரலில் இருக்கும் எங்கள் அத்தை வீட்டில் நெஞ்சளவு வந்துவிட்டது.

ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பெரிய விஷயம். தண்ணீர் வடிந்த பிறகு அப்பாவும் நானும் போய்ச் சேற்றை அள்ளினோம். பீரோவுக்குள் இருந்த பட்டா, பத்திரம் எல்லாம் கூழ். 2022-ல் நடந்த அத்தானின் கல்யாண ஆல்பம் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகங்கள் உரிந்து வந்தன. "ஆல்பம் போனாப் போகுது, ஸ்டுடியோவில ஹார்டு டிஸ்க் இருக்கும்லா" என்று அத்தான் நம்பிக்கையாகப் போனார். ஸ்டுடியோ அடுத்த தெருதான். அங்கேயும் அதே தண்ணீர். கம்ப்யூட்டரும் டிஸ்கும் தரையோடு மேஜைக்கு அடியில் இருந்திருக்கின்றன. கடைக்காரரைக் குறை சொல்லி என்ன செய்ய? அவருக்குப் போனது எங்களுக்குப் போனதைவிடப் பல மடங்கு.

தோழர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்தக் கல்யாணத்துக்கு இரண்டு பிரதி இருந்தது. ஒன்று தாளில், ஒன்று டிஸ்கில். இரண்டும் வேறு வேறு ஆளிடம், வேறு வேறு கட்டடத்தில். ஆனாலும் ஒரே வெள்ளத்துக்குள். அப்படியானால் அது ஒரு பிரதிதான்.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு ஒன்று உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வெளியூரில். இந்த 'ஒன்று வெளியூரில்' என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். இது கம்ப்யூட்டர் காலத்துக்கு மட்டும் உள்ள கதையும் இல்லை. நம்ம பக்கத்துக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏட்டுச் சுவடிகள் குவியலாகக் கிடப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே.சாமிநாதையர் தேடிப் போனார். பழுதான ஏடுகளை ஆகமத்தில் சொன்னபடி என்று நெய்யில் தோய்த்துத் தீயில் போட்டுவிட்டதாக அங்கே சொன்னார்களாம். 'என் சரித்திர'த்தில் அவரே இதை எழுதியிருக்கிறார். வேறு ஊரில் பிரதி இருந்த ஏடு பிழைத்திருக்கும். இல்லாதது என்ன நூல் என்றுகூட இன்றைக்கு நமக்குத் தெரியப்போவதில்லை.

எனக்குப் பயம் வந்ததற்கு இன்னொரு காரணம், தாத்தாவின் குரல். 2019-ல் அக்காவின் போனில் 47 நிமிஷம் பதிவு செய்தது. எங்கள் புஞ்சைகள் ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர், எந்த வருஷம் எதில் பருத்தி போட்டார், பஞ்சத்தில் யார் வீட்டில் கம்பு கடன் வாங்கினார் என்று பேசிக்கொண்டே போவார். நடுவில் ஆடு கத்தும். 2021-ல் தாத்தா போய்விட்டார். அந்தக் குரல் திரை உடைந்த ஒரே ஒரு போனுக்குள் கிடந்தது.

'கூகுளில் போட வேண்டியதுதானே' என்பீர்கள். போடலாம், தப்பில்லை. ஆனால் இலவசம் 15 ஜி.பி.தான். போட்டோக்களை அளவில்லாமல் சும்மா வைத்துக்கொள்ளும் வசதி 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சரக்கை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 300 ஜி.பி. வந்தது. மாதாமாதம் பணம் கட்டும் வீடு இல்லை எங்களுடையது. ஆகவே சொந்தக் குலுக்கை.

மிஷின் தேடி அலையவில்லை. அக்கா பிளஸ் டூ முடித்தபோது 2017-ல் கிடைத்த அரசு விலையில்லா லேப்டாப் பரணில் கிடந்தது. கீபோர்டில் பாதி எழுத்து வேலை செய்யாது, திரையில் நெட்டுக்குக் கோடு. சர்வருக்கு இது இரண்டுமே தேவையில்லை! 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க். நம் வீட்டுக்கு இது தாராளம். அதைவிடப் பெரிய லாபம், லேப்டாப் என்பது கூடவே யு.பி.எஸ்.ஸோடு பிறந்தது. பழைய பேட்டரி இப்போது இருபது நிமிஷம்தான் தாங்குகிறது. எங்கள் ஊரில் கரண்ட் போய்ப் போய் வருவதற்கு அது போதும். கரண்ட் நீண்ட நேரம் வராவிட்டால் தானாக முறைப்படி அணைந்துகொள்ளும்படி செய்துவிட்டேன். ஒரே ஒரு எச்சரிக்கை: எப்போதும் சார்ஜிலேயே கிடக்கிற பழைய பேட்டரி வெயில் காலத்தில் ஊதும். மாதம் ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள். வயிறு தள்ளியிருந்தால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

அப்பா கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி பூரா ஓடினா கரண்டு பில்லு?" நியாயமான கேள்வி. வாட் மீட்டரைப் போட்டு அளந்தேன், 14 வாட். அறுபது நாளைக்குக் கணக்குப் போட்டால் 20 யூனிட் சொச்சம். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இதுவே 60 வாட் இழுக்கிற பழைய டெஸ்க்டாப்பாக இருந்தால் 86 யூனிட். இலவசம் முழுவதையும் சர்வர் தின்றுவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கும். அப்பா கணக்கைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சம்மதம்.

மென்பொருளுக்கு ஒரு பைசா செலவில்லை. டெபியன் லினக்ஸை டெஸ்க்டாப் இல்லாமல் போட்டேன். மூடியை மூடினாலும் தூங்காதே என்று ஒரு வரி மாற்ற வேண்டும், மறந்துவிடாதீர்கள். விண்டோஸும் போனும் பேசிக்கொள்ள சாம்பா. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் மாணவராக இருந்தபோது தொடங்கிய வேலை அது. 1996-ல் வந்த ஆர்சிங்க்கும் அவர் கைவேலைதான் (பால் மக்கராஸ் கூட்டாளி). ராத்திரி இரண்டு மணிக்கு ஆர்சிங்க் எழுந்து, லேப்டாப்பில் உள்ளதை யு.எஸ்.பி. டிஸ்கில் அன்றைய தேதியிட்ட போல்டரில் எழுதுகிறது. மாறிய பைல் மட்டும்தான் புதிதாக எழுதப்படும். மாறாததற்கு ஒரு ஹார்டு லிங்க் போட்டுவிட்டுப் போய்விடும். அதனால் ஒவ்வொரு நாள் போல்டரும் முழுசாகத் தெரியும், டிஸ்கில் இடமோ ஒரு மடங்குதான் பிடிக்கும். போன வாரம் அக்கா தன் பிராஜக்ட் ரிப்போர்ட்டின் மேல் வேறொரு பைலை ஸேவ் செய்துவிட்டாள். செவ்வாய்க்கிழமைப் போல்டரைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு ஸ்பெஷல் காபி.

இங்கே நம் பசங்க ஒருவன் குறுக்கிட்டு, "மச்சி, ரெண்டு டிஸ்கை ரெய்டு போட்டா முடிஞ்சுதே" என்றான். ரெய்டு நல்ல சரக்குதான். 1988-ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது. ஆனால் நீங்கள் ஒரு பைலை அழித்தால் அதே விநாடியில் இரண்டு டிஸ்கிலும் அழியும். இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். வேலை நிற்காமல் ஓட வேண்டியது பேங்குக்கு. எங்கள் வீட்டில் ஒரு நாள் சர்வர் படுத்தால் யாருக்கும் சோறு இறங்காமல் போகாது.

கரிசல் மண்ணில் இரண்டு தொந்தரவு. ஒன்று புழுதி. ஆடிக் காற்றில் அது நுழையாத இடம் இல்லை. மாதம் ஒருமுறை ஃபேனைத் திறந்து பிரஷ்ஷால் தட்டுகிறேன். இன்னொன்று எர்த்திங். கோடையில் மண் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும்போது எர்த் குழியும் காய்ந்து போகிறது. ஒரு தடவை லேப்டாப்பைத் தொட்டால் 'சுர்' என்றது. குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதும் சரியாயிற்று. ட்ரிபிள் ஈ தோழர்கள் சிரிக்கலாம். "மிஷினுக்கும் தாகம் எடுக்குதாக்கும்?" என்று அம்மா இன்றைக்கும் கேலி செய்கிறாள்.

இனி வெளியூர்ப் பிரதி. ஒரு டி.பி. டிஸ்க் இரண்டு வாங்கியிருக்கிறேன். ஒன்று எங்கள் வீட்டில், ஒன்று ஏரலில் அத்தை வீட்டில். மாதம் ஒரு தடவை யாராவது தூத்துக்குடியில் பஸ் மாறி ஏரலுக்குப் போய் மாற்றிக்கொண்டு வருவோம். இதற்கு நெட்வொர்க் பாடத்தில் மார்க் கிடைக்காது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 300 ஜி.பி. என்பது 2,400 ஜிகாபிட். காத்திருக்கிற நேரத்தையும் சேர்த்து மூன்று மணி நேரப் பயணம். விநாடிக்கு 222 மெகாபிட்! எங்கள் தெருவில் போன் அப்லோட் ஐந்து மெகாபிட் வந்தாலே அதிசயம். அதில் அனுப்பினால் ஐந்தரை நாள் ஆகும். பஸ்ஸில் டிஸ்க் தொலைந்தால்? அதனால்தான் முழு டிஸ்கையும் பூட்டி என்கிரிப்ட் செய்திருக்கிறேன். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி ஒன்று அம்மாவின் நகைப் பெட்டியில், ஒன்று அத்தையிடம். நான் ஒருவன் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் அதுவும் ஒரே பிரதிதானே!

டிஸ்க் வந்ததும் சும்மா அடுக்கிவிடமாட்டேன். வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, தாத்தா குரலைப் போட்டு ஐந்து நிமிஷம் கேட்பேன், பிறகு கண்ணை மூடிக்கொண்டு பத்துப் போட்டோ திறப்பேன். 1998-ல் பிக்சார் கம்பெனியில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் பெரும்பகுதியை யாரோ ஒரு கட்டளையில் அழித்துவிட்டார்கள். பேக்கப்பைத் தேடினால் அது ஒழுங்காகவே எழுதப்படவில்லை. அதுவரை யாரும் திறந்து பார்க்கவில்லை. கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் குழந்தை பிறந்து வீட்டிலிருந்து வேலை பார்த்ததால், அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைக் கம்பளியில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியைக் காப்பாற்றியது வீட்டுப் பிரதி, அதுவும் சாலை வழியாகப் போனது!

அத்தை வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற கோடு இன்னும் இருக்கிறது, வெள்ளை அடித்தும் போகவில்லை. "மருமவனே, இந்தப் பெட்டியை எங்க வைக்க?" என்று கேட்ட அத்தை, நான் பதில் சொல்வதற்குள் ஸ்டூலைப் போட்டு ஏறி, கோட்டுக்கு மேலே மூன்று முழம் உயரத்தில் இருந்த அலமாரித் தட்டில் டிஸ்கை வைத்துவிட்டாள்.

இப்போது அந்த டிஸ்க் திரும்பும்போது சும்மா வருவதில்லை. கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் தங்கள் போனில் எடுத்த படங்களை அத்தான் ஒவ்வொருவரிடமாகக் கேட்டு வாங்கிப் பென் டிரைவில் சேர்த்து அனுப்புகிறார். பாதிப் படத்தில் பந்தல் கால் மறைக்கிறது, ஒன்றில் மாப்பிள்ளையின் காது மட்டும் இருக்கிறது. இதுவரை 63 சேர்ந்திருக்கிறது. தாலி கட்டுகிற படம் மட்டும் கிடைக்கவில்லை. மதுரையில் இருக்கும் ஒரு மாமா பக்கத்திலிருந்து எடுத்தாராம். அந்த போன் இப்போது ஆன் ஆவதில்லையாம். தூக்கிப் போட்டுவிடாமல் தீபாவளிக்கு வரும்போது கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.