அம்பாசடரின் பின்பக்கத்து ஊளை

கார்த்திகை மாசம் ஆரம்பிச்சது. வண்டி நாப்பதைத் தாண்டுனா பின்பக்கத்துல ‘ஊ’ன்னு ஒரு சத்தம். பம்புசெட் மோட்டார்ல பேரிங் போகப் போகுதுன்னா ஒரு முனகல் கேக்கும்ல, அதே மாதிரி.

வண்டி அப்பா ஓட்டுன அம்பாசடர். மார்க் 4, டீசல். நவதிருப்பதி சேவிக்க வாறவங்கள ஒம்போது கோயிலுக்கும் கூட்டிட்டுப் போன வண்டி. அதுல வந்த காசுலதான் நானும் தம்பியும் படிச்சோம். (நான் பன்னெண்டாவதோட நின்னது என் குத்தம்.) 2014-ல கல்கத்தா பக்கம் உத்தரபாரா பேக்டரியிலேயே அம்பாசடர் செய்றத நிறுத்தியாச்சு, இனி எதுக்கு இதுன்னு தம்பிக்கு எண்ணம். பழைய இரும்புக்காரன்கிட்ட விலையும் கேட்டுட்டான். சத்தம் வந்ததும் அவன் பேச்சு இன்னும் கூடிட்டு.

முதல்ல காட்டுன பட்டறையில வீல் பேரிங்னு சொன்னாங்க. பின்னால ரெண்டையும் மாத்துனேன். வாழைத்தார் வித்த காசுல ஐயாயிரம் போச்சு. சத்தம் போகல.

அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயசு, காது சுத்தமா கேக்காது. கண் ஆஸ்பத்திரிக்கு திருநெல்வேலி கூட்டிட்டுப் போனேன். பின்சீட்டுல செருப்பக் கழட்டிட்டு உக்காந்திருந்தாங்க. கருங்குளம் தாண்டுனதும் என் தோளைத் தட்டி, “கால எடுலே” ன்னாங்க. ஆக்சிலேட்டர விட்டேன். ஊளை கூடிட்டு. “மிதி.” மிதிச்சேன், அடங்குச்சு. நாலஞ்சு தடவை இப்படியே. பிறகு, “சக்கரம் இல்ல. பினியன்” னாங்க. பாதத்துலயே கண்டுபிடிச்சிருக்காங்க!

யோசிச்சா கணக்கு சரிதான். டயர் சத்தம்னா ரோடு மாறும்போது மாறும். வீல் பேரிங்னா வளைவுல பாரம் ஒரு பக்கம் சாயும்போது கூடும், குறையும். கால மிதிச்சா ஒரு மாதிரி, எடுத்தா வேற மாதிரின்னா டிஃபரன்ஷியலத்தான் முதல்ல பாக்கணும். மிதிக்கும்போது இன்ஜின் சக்கரத்த இழுக்கு, எடுத்தா சக்கரம் இன்ஜின இழுக்கு. பல்லுல பாரம் விழுற பக்கம் மாறுது. பினியன் பேரிங் தேஞ்சு ஆட்டம் விட்டிருந்தா, கால எடுத்ததும் பினியன் நகந்து ஊளையிடும்.

ஜங்ஷன் பக்கம் ஒரு வயசான மெக்கானிக்கத் தேடிப் பிடிச்சேன். ஆயில வடிச்சு, ஆக்சில உருவி, புரொப்பல்லர் ஷாப்டக் கழட்டி, டிஃபரன்ஷியல மொத்தமா முன்பக்கமா வெளிய எடுத்தாரு. வடிஞ்ச ஆயில் ஒரு டம்ளர் கூட இல்ல. கருப்பா, உள்ள இரும்புத்தூள் மினுங்குது. “ஆயில் பாத்து எத்தனை வருசமாச்சு தம்பி?” ன்னு கேட்டாரு. நான் பதில் சொல்லல.

கொட்டகைத் தரையில அந்தக் கறை ரெண்டு வருசமா இருக்கு. பினியன் சீல் வழியா ஒழுகியிருக்கு. நான் அதுமேல சாக்கப் போட்டு மூடிட்டு, வாழைக்குத் தண்ணி பாய்ச்சப் போயிட்டேன்.

இந்த வண்டியில பினியன் கிரவுன் வீலோட நடுவுக்குக் கீழ உக்காந்திருக்கும். பல்லு உருளுறதோட சறுக்கவும் செய்யும். அதுக்குன்னு உள்ள தொண்ணூறு நம்பர் கியர் ஆயில் இல்லன்னா தேஞ்சுரும். நல்லவேளை, பல்லுல பொத்தல் விழல. விழுந்திருந்தா கிரவுனும் பினியனும் ஜோடியாத்தான் மாத்தணும், ஜோடிக்கு எங்க போறது?

ரெண்டு பினியன் பேரிங்கும் சீலும் புதுசு போட்டாரு. பல்லுல சிவப்புச் சாயத்தத் தடவிச் சுத்தி, தடம் நடுவுல விழுற வரைக்கும் ஷிம்மக் கூட்டியும் குறைச்சும் மூணு தடவை பூட்டிக் கழட்டுனாரு. சாயங்காலம் ஆயிட்டு. கூலி கேட்டது பட்டறையில நான் விட்டதுல பாதிதான்.

இப்ப ஐம்பத்தஞ்சுல லேசா ஒரு ரீங்காரம் இருக்கு. பழைய பல்லு, அது இருக்கும்னு முதல்லயே சொல்லிட்டாரு. போன வெள்ளிக்கிழமை அப்பாவ தென்திருப்பேரைக்குக் கூட்டிட்டுப் போனேன். செருப்பக் கழட்டி, பாதத்த ஊனி, தென்திருப்பேரை வர்ற வரைக்கும் ஒண்ணும் சொல்லல. இறங்கும்போது, “கொட்டகையில சாக்க எடுத்துட்டியாலே?” ன்னு கேட்டாங்க.