பத்துக்கு மூன்று

நான் பி.காம். டெபிட் எது, கிரெடிட் எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால், எட்டு வருஷமாக வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதித்தான் காலட்சேபம். மார்க் போடுவதென்றால் எனக்கு அப்படியொரு குஷி. காலேஜில் எனக்கு யாரும் தாராளமாகப் போட்டதில்லை, அந்தக் கடுப்பு!

ஒருமுறை, இரண்டே பேர் சேர்ந்து செய்த கேம் ஒன்று வந்தது. 'ஹீரோ குதிப்பதைப் பார்த்தால், அரிசி மூட்டையோடு டவுன் பஸ் ஏறுகிறவர் ஞாபகம் வருகிறது' என்று எழுதி, பத்துக்கு மூன்று போட்டேன். நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன வருஷம் ஒரு விபரீத ஆசை. நாமே ஒரு கேம் செய்தால் என்ன? முன்னுதாரணம் இருக்கிறதே! அமெரிக்காவில் 'கேம்ஸ்பாட்' தளத்தின் தலைமை ஆசிரியராக இருந்த கிரெக் கசாவின், 2007-ல் வேலையை உதறிவிட்டு கேம் தயாரிக்கப் போனார். அவர் கதை, வசனம் எழுதிய 'ஹேடிஸ்' 2020-ல் முழுமையாக வெளிவந்து, மறு வருஷம் ஹியூகோ விருதே வாங்கியது. அவருக்கு ஹியூகோ என்றால் நமக்கு ஓர் ஆறுதல் பரிசாவது கிடைக்காதா என்று கணக்குப் போட்டேன். நடுவில் பதிமூன்று வருஷம் இருப்பதைக் கழிக்க மறந்துவிட்டேன். பி.காமாம், பி.காம்!

'கோடோ' என்ற இலவச மென்பொருளை டவுன்லோடு செய்தேன். ஒரு பையன், இரண்டு மொட்டைமாடி. இதிலிருந்து அதற்குக் குதிக்க வேண்டும். அவ்வளவுதான். மூன்று வாரம் ஆயிற்று, சார்! பயல் ஒன்று பலூனாக மிதந்தான். இல்லை, செங்கல்லாக விழுந்தான். விளிம்பில் சரியாகத்தான் பட்டனை அமுக்குவேன். தொப்!

அப்புறம்தான் 'கயோட்டி டைம்' என்ற தந்திரம் தெரிந்தது. ரோட் ரன்னர் கார்ட்டூனில் அந்தக் கயோட்டி, மலை முனையைத் தாண்டியும் ஒரு கணம் அந்தரத்தில் நிற்குமே, அதுதான். கால் தரையை விட்ட பிறகும் குதிக்க ஒரு குட்டிச் சலுகை. 2018-ல் வந்த 'செலஸ்ட்' கேமில் அது நொடியில் பத்தில் ஒரு பங்கு. ஆடுகிறவனுக்குத் தெரியவே கூடாது. 'நான் கெட்டிக்காரன்' என்று அவன் நினைத்துக்கொள்ள வேண்டும். எட்டு வருஷம் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்!

சலுகையைச் சேர்த்து மனைவியிடம் காட்டினேன். நாலு தடவை விழுந்தாள்.

"ஏங்க, இவன் முதுகுல கேஸ் சிலிண்டர் ஏதாவது இருக்கா?"

அன்று ராத்திரி அந்த இரண்டு பேருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். மறுநாளே பதில்: 'குதிப்பது பற்றி நீங்கள் எழுதியது சரிதான். ஒரே மாதத்தில் திருத்திவிட்டோம். ஆனால், பத்துக்கு மூன்று பார்த்த பிறகு யாரும் வரவில்லை.'

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது விமர்சனத்துக்கு முழுக்கு. பையனை இன்னமும் குதிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். என்றைக்காவது வெளியே வருவான். ஆடிப் பாருங்கள். குறை இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

மார்க் மட்டும் வேண்டாமே, ப்ளீஸ்!